சுருளிப்பட்டியில் பேசப்படும் பிரெஞ்சு!

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற ரோட்டில் சுருளிப்பட்டி வரும். இரண்டு பக்கமும் கல் தூண்கள், மேலே கம்பிப் பந்தல், பந்தலுக்குக் கீழே கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை! அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி ஒரு கிலோவாவது வாங்காமல் போக மாட்டார்கள். வருஷம் பூரா திராட்சை காய்க்கிற அபூர்வமான பூமி அது. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடுகூட வந்துவிட்டது. இந்தத் திராட்சை தமிழ்நாட்டுக்கு எப்படி வந்ததாம்? 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது.

திராட்சைக் கதையை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் இன்னொரு பிரெஞ்சுச் சரக்கும் உண்டு. பொங்கல், சித்திரைத் திருவிழா என்றால் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் முளைக்கும். 'மாபெரும் வாலிபால் டோர்னமென்ட். முதல் பரிசு ரொக்கம் மற்றும் சுழற்கோப்பை' என்று இருக்கும். வாலிபாலை விடுங்கள், அது அமெரிக்கா. அந்த 'டோர்னமென்ட்' இருக்கிறதே... அது அசல் பிரெஞ்சு! பிரெஞ்சுக்காரர்கள் இன்று 'தூர்னுவா' என்பார்கள். 'தூர்னே' என்றால் சுழல்வது, திரும்புவது. குதிரையில் பாய்ந்து போய், முட்டி மோதி, சட்டென்று குதிரையைத் திருப்பி மறுபடி பாய்வது... அந்தத் திருப்பத்திலிருந்து வந்த பெயர். ஆக, டோர்னமென்ட்டிலும் சுழல், நம்ம கோப்பையிலும் சுழல்! யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனால், என்ன பொருத்தம் பாருங்கள்!

11, 12-ம் நூற்றாண்டுகளில் பிரான்ஸின் வடக்குப் பகுதியில்தான் இந்தக் கூத்து சூடுபிடித்தது. நீங்கள் சினிமாவில் பார்ப்பது போல இரண்டு பேர் நேருக்கு நேர் ஈட்டியோடு வருவது எல்லாம் பிற்காலத்து நாகரிகம். ஆரம்பத்தில் அது நூற்றுக்கணக்கான வீரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, வயல், தோப்பு, தெரு என்று பார்க்காமல் மோதிக்கொள்கிற ஒரு 'செல்லச் சண்டை'! கொல்வது நோக்கமில்லை (செத்தால் அது அவரவர் பாடு). எதிரியைப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவன் பணம் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொள்ள வேண்டும். குதிரையும் கவசமும் பிடித்தவனுக்கு. சொத்தில்லாத இளைய மகன்களுக்கு இதைவிட நல்ல பிழைப்பு ஏது?

அப்படிப் பிழைத்தவர்களில் சூப்பர் ஸ்டார், வில்லியம் மார்ஷல். இங்கிலாந்தில் பிறந்தவர். சம்பாதித்தது பூரா பிரெஞ்சு மண்ணில்! ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு, பத்தே மாதத்தில் 103 வீரர்களைப் பிடித்துப் பணம் கறந்தார். ஒருமுறை ப்ளோர் என்ற ஊரில் டோர்னமென்ட் முடிந்தது. பரிசு இவருக்குத்தான் என்று முடிவாயிற்று. ஆளைக் காணோம்! தேடிப் போனால், கொல்லன் பட்டறையில் இருக்கிறார். பட்டறைக் கல் மேல் தலையை வைத்துப் படுத்திருக்க, நசுங்கிப்போன இரும்புத் தொப்பியைக் கழற்ற கொல்லன் போராடிக்கொண்டிருக்கிறார்! பரிசு என்ன தெரியுமா? ஒரு பெரிய மீன்.

சர்ச் கடுப்பானது. 1130-ல் டோர்னமென்ட்டைத் தடை செய்தார்கள். அதில் செத்தவனுக்கு சர்ச் முறைப்படி அடக்கம் கிடையாது என்றார்கள். யார் கேட்டார்கள்? ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தபோது நம்ம பல்லவராயன்பட்டிக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், அன்றைய பிரெஞ்சு வீரர்களின் மனசு புரியும். அந்தக் கூத்து கடைசியில் ஒரு ராஜாவின் கண்ணில் போய் முடிந்தது. நிஜமாகவே கண்ணில்! 1559, ஜூன் 30... பாரிஸில் மகளின் கல்யாணக் கொண்டாட்டம். மன்னர் இரண்டாம் ஹென்றி, 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று களத்தில் இறங்கினார். எதிராளியின் ஈட்டி உடைந்து சிராய் கண்ணுக்குள் பாய்ந்தது. பத்தாவது நாள் மன்னர் காலி. அதோடு பிரான்ஸில் அந்த விளையாட்டின் மவுசும் போயிற்று. பெயர் மட்டும் தப்பித்துக் கடல் தாண்டி, நம்ம ஊர் ஃபிளெக்ஸ் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

'டென்னிஸ்' என்ற பெயரும் அப்படித்தான். ராக்கெட் வருவதற்கு முன்பு பிரெஞ்சுக்காரர்கள் உள்ளங்கையால் பந்தை அடித்து ஆடினார்கள். சர்வீஸ் போடுகிறவர் 'தனே!' என்று குரல் கொடுப்பார். 'இந்தா, பிடி!' என்று அர்த்தம். அதுதான் டென்னிஸ் ஆனது என்கிறார்கள் மொழி வல்லுநர்கள். 'டியூஸ்'? இரண்டு பேரும் சமம், இன்னும் இரண்டு பாயின்ட் எடுத்தால்தான் ஜெயிக்க முடியும் என்பதால் 'ஆ தே'. அதாவது இரண்டு. ஜீரோவுக்கு 'லவ்' என்கிறோமே, அது முட்டையைக் குறிக்கும் 'லெஃப்' என்ற பிரெஞ்சு வார்த்தை என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு நம்பிக்கையில்லை. பிரெஞ்சுக்காரர்களே டென்னிஸில் ஜீரோவை முட்டை என்று சொல்வதில்லை! ஒன்று மட்டும் நிஜம். 1789, ஜூன் 20-ம் தேதி, கூட்டம் நடத்த வந்த மக்கள் பிரதிநிதிகள் வெர்சாய் மண்டபம் பூட்டியிருப்பதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த டென்னிஸ் கூடத்துக்குள் நுழைந்தார்கள். அரசியல் சட்டம் எழுதாமல் கலைய மாட்டோம் என்று அங்கேதான் சத்தியம் செய்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் அந்தப் பெரிய சபதம் எடுக்கப்பட்ட இடம், ஒரு விளையாட்டுக் கூடம்!

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஃபுட்பால், ஹாக்கி, இன்றைய டென்னிஸ்... இதற்கெல்லாம் சட்டதிட்டம் எழுதியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்தானே? பிரெஞ்சு எங்கிருந்து நடுவில் வந்தது?

நியாயமான கேள்வி. விளையாட்டை உருவாக்கியது இங்கிலீஷ்காரன். ஆனால் 'வாங்கய்யா, எல்லா நாடும் சேர்ந்து ஆடலாம்' என்று இலை போட்டுப் பந்தி வைத்தது பிரெஞ்சுக்காரன்! 1894-ல் பியேர் தெ குபெர்தான் பாரிஸில் மாநாடு கூட்டினார், ஒலிம்பிக்ஸ் மறுபிறவி எடுத்தது. ஒலிம்பிக் சாசனத்தில் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் முரண்பாடு வந்தால், பிரெஞ்சு வாசகம்தான் செல்லும் என்ற விதி நீண்ட காலம் இருந்தது. 1904, மே 21-ம் தேதி பாரிஸில் ஏழு நாடுகள் கூடி 'ஃபிஃபா'வை ஆரம்பித்தன. அந்த நான்கு எழுத்துமே பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். அதற்கு முன்னால் ராபர்ட் கெரான் என்ற பத்திரிகையாளர் இங்கிலாந்து சங்கத்திடம் பலமுறை போய்க் கேட்டுப் பார்த்தார். அவர்கள் 'பார்க்கலாம், யோசிக்கலாம்' என்று இழுத்தடித்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், நீங்கள் இல்லாமலேயே நடத்துகிறோம் என்று கிளம்பிவிட்டார். முதல் தலைவரும் அவரேதான். 1930-ல் முதல் உலகக் கோப்பை உருகுவேயில். ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே கோப்பையைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். ஐரோப்பாவிலிருந்து போனவை நான்கே அணிகள். இங்கிலாந்து? 1950 வரைக்கும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

எனக்கு மிகவும் பிடித்த கதை 1954-ல் நடந்தது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் அணி, ஹங்கேரியின் ஹோன்வெட் அணியைச் சொந்த ஊரில் வைத்து ஜெயித்தது. மறுநாள், 'நாங்கள்தான் உலக சாம்பியன்' என்று லண்டன் பத்திரிகைகள் குதித்தன. பாரிஸில் 'லெகிப்' விளையாட்டுப் பத்திரிகையின் கப்ரியேல் ஆனோ அதைப் படித்துச் சிரித்தார். உன் ஊரில் ஒரு மேட்ச் ஜெயித்தால் உலக சாம்பியனா? எல்லா ஊரிலும் ஆடிக் காட்டு! அந்த நக்கலில் பிறந்ததுதான் 1955-ல் ஆரம்பித்த ஐரோப்பியக் கோப்பை. இன்றைய சாம்பியன்ஸ் லீக் அதன் வாரிசு. ஹாக்கிக்கு உலக சம்மேளனம் 1924-ல் பாரிஸில், வாலிபாலுக்கு 1947-ல் அதே பாரிஸில். ஆக, அந்த ஃபிளெக்ஸில் இருந்த வாலிபாலுக்கும் கடைசியில் ஒரு பிரெஞ்சு முகவரி கிடைத்துவிட்டது!

செஸ்ஸும் விதிவிலக்கில்லை. 1924, ஜூலை 20-ம் தேதி பாரிஸில் பிறந்தது 'ஃபிடே'. இதிலும் எழுத்துகள் பிரெஞ்சு. செஸ் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறீர்களா? ஹால் முழுக்க நிசப்தம். எட்டு வயசுப் பொடியன் ஒருத்தன் கொஞ்சம் கோணலாக நிற்கிற குதிரையைத் தொடுவதற்கு முன், முணுமுணுப்பாக ஏதோ சொல்வான்... 'ஜாதூப்!' சொல்லாமல் தொட்டுவிட்டால் போச்சு. தொட்ட காயைத்தான் நகர்த்தியாக வேண்டும். ராணி பறிபோனாலும் சரி, ஆட்டமே போனாலும் சரி! 'காயைச் சரி செய்கிறேன், ஆடவில்லை' என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்கிற வார்த்தை அது. இங்கிலீஷிலும் சொல்லலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் நம்ம பசங்களுக்கு 'ஜாதூப்'தான் கெத்து!

அந்த வார்த்தையைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். 'அதூபே' என்றால் பழைய பிரெஞ்சில், ஒருவனுக்குக் கவசமும் வாளும் கொடுத்து வீரனாக்குவது. வில்லியம் மார்ஷலின் உலகத்து வார்த்தை! சதுரங்கம் பிறந்தது நம்ம நாட்டில். பாரசீகம், அரபு நாடுகள் என்று சுற்றி ஐரோப்பாவுக்குப் போய், ஒரு பிரெஞ்சு வார்த்தையையும் ஒட்டிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்தினோம். 2024 டிசம்பரில் நம்ம குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆனால் காயைச் சரி செய்ய இன்னமும் 'ஜாதூப்'!

செஸ்ஸிலாவது இங்கிலீஷ் தப்பிக்க வழி உண்டு. வாள் சண்டையில் அதுவும் கிடையாது. 1913-ல் பாரிஸில் உருவான அதன் உலக சம்மேளனத்துக்கு மொழி பிரெஞ்சு. களத்தில் நடுவர் போடுகிற கட்டளை எல்லாமே பிரெஞ்சில்தான். சென்னைப் பெண் பவானி தேவியின் கதையை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் விளையாட்டுப் பிரிவுகளில் மற்ற எல்லாவற்றிலும் இடம் நிரம்பி, மிச்சமிருந்தது வாள் சண்டை. வாள் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சியில் பழகினார். முதல் சர்வதேசப் போட்டி துருக்கியில், 14 வயதில். மூன்று நிமிடம் தாமதமாகப் போனதற்குக் கறுப்பு அட்டை, போட்டியிலிருந்தே நீக்கம்! அவ்வளவு கறாரான உலகம் அது. அதில் நிற்க வேண்டுமானால் காதுக்கு நான்கு வார்த்தைகள் ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும். 'ஆன் கார்த்!' (தயார் நிலைக்கு வா). 'ப்ரே?' (ரெடியா?). 'அலே!' (பாய்!). 'ஆல்ட்!' (நிறுத்து!). அலே என்று சொல்வதற்கு முன்பே பாய்ந்தால் எச்சரிக்கை. ஆல்ட் என்ற பிறகு குத்தினால் பாயின்ட் இல்லை. பவானி ஆடுகிற சேபர் பிரிவில் இரண்டு பேர் வாளும் ஒரே நேரத்தில் பட்டால், யார் முதலில் தாக்கினார் என்பதை நடுவர்தான் தீர்மானிப்பார். 'அத்தாக்', 'ரிபோஸ்த்' என்று அவர் சொல்லச் சொல்ல, பாயின்ட் யாருக்கு என்று அந்த நொடியே புரிந்தாக வேண்டும். அகராதியைப் புரட்ட முடியுமா?

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் வாள் வீசிய முதல் இந்தியர் பவானிதான். முதல் சுற்றில் துனீசிய வீராங்கனையை 15-3 என்று ஊதித் தள்ளினார். அடுத்த சுற்றில் எதிரே நின்றவர்... வேறு யார், ஒரு பிரெஞ்சுப் பெண்! மனோன் ப்ரூனே. 7-15. நடுவரின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட எதிராளி! தோல்விக்கு அதைக் காரணம் சொல்ல மாட்டேன், ப்ரூனே அன்று உலகின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவர். ஆனாலும் விதியை எழுதியவனின் மொழி எவ்வளவு தூரம் செல்லும் என்று பாருங்கள். நமக்கும் ஒரு ஆறுதல் உண்டு. கபடியில் ரெய்டு போகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் 'கபடி கபடி' என்று நம்ம வார்த்தையைத்தான் பாடியாக வேண்டும். 2018 ஆசியப் போட்டியில் அப்படிப் பாடிப் பாடியே ஈரான்காரர்கள் நம்மை வீழ்த்தித் தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள் என்பது வேறு விஷயம்!

சரி... சட்டப் புத்தகம், நடுவர் எல்லாம் போகட்டும். சும்மா நாலு பேர் உட்கார்ந்து அரட்டையடிக்கிற பிரெஞ்சு எங்கே கிடைக்கும்? அதற்கு பாரிஸ் வரை போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் போதும்.

புதுச்சேரியில் சாயங்கால நேரத்தில் மண் தரையில் இரும்புக் குண்டுகளை உருட்டி விளையாடுகிறவர்களைப் பார்க்கலாம். 'பெத்தாங்க்' என்று பெயர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் தமிழர்களை அந்த ஊரில் 'சொல்தா' என்பார்கள். அவர்களுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு இது. பிறந்த இடம், மார்சேய் பக்கத்தில் லா சியோதா என்ற துறைமுக ஊர். 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், மூட்டுவலியால் ஓடி வந்து குண்டு வீச முடியாத ஒரு பெரியவருக்காக, நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்று விதியை மாற்றினார்களாம். பெத்தாங்க் என்றாலே, அந்த வட்டாரப் பேச்சில் 'பாதத்தை ஊன்றி' என்று அர்த்தம். மூட்டுவலிக்காரருக்காகச் சட்டத்தையே திருத்திய விளையாட்டு வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை!

கோலி ஆடியவர்களுக்கு பெத்தாங்க் ஐந்தே நிமிடத்தில் புரியும். முதலில் ஒரு குட்டி மரக் குண்டை 6-லிருந்து 10 மீட்டர் தூரத்தில் எறிய வேண்டும். அதன் பெயர் 'கொஷொனே', அதாவது பன்றிக்குட்டி. உங்கள் இரும்புக் குண்டு பன்றிக்குட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. எதிராளி குண்டு பக்கத்தில் நின்றால்? அடித்து விரட்டலாம். ஆகவே ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் ஒரு பெரிய விவாதம் நடக்கும். 'த்யூ தீர் ஊ த்யூ ப்வேந்த்?' - அடிக்கப் போறியா, ஒட்டப் போறியா? இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் போதும், ஆட்டக்காரர்கள் உங்களுக்கு இடம் போட்டுக் கொடுப்பார்கள். எதிராளி குண்டைத் தூக்கியடித்துவிட்டு உங்கள் குண்டு அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டால், 'காரோ!' என்று கத்த வேண்டும். 13 பாயின்ட் எடுத்தவர் வெற்றி. ஒரு பாயின்ட்கூட எடுக்காமல் 13-0 என்று தோற்றவருக்கு ஒரு தண்டனை உண்டு. 'ஃபனி' என்ற பெண்ணின் படத்தையோ, பொம்மையையோ முத்தமிட வேண்டும். கன்னத்தில் இல்லை, பின்புறத்தில்! குடும்பப் பத்திரிகை என்பதால் இதற்கு மேல் விவரிக்க முடியாது.

பாரிஸில் லா ஷப்பேல் பகுதிக்குப் போனால் இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும். 1983-க்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உழைத்து எழுப்பிய குட்டி யாழ்ப்பாணம். புது ஊர், தெரியாத மொழி. பக்கத்து மேஜைக்காரனிடம் அரசியல் பேச முடியாது, வானிலை எத்தனை நாள் பேசுவது? ஃபுட்பால் பேசலாம்! 'இலியா கோம்பியேன்?' என்றால், ஸ்கோர் எவ்வளவு? 'கி ஆ கான்யே?' - யார் ஜெயிச்சது? டிரா என்றால் 'மாட்ச் ந்யூல்'. பெனால்டி ஷூட் அவுட் 'தீர் ஓ ப்யூ'. (2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவிடம் இதில்தான் பிரான்ஸ் கோட்டைவிட்டது. பிரெஞ்சு நண்பர் இருந்தால் இந்த வார்த்தையை ஜாக்கிரதையாகப் பயன்படுத்தவும்!)

பாடப் புத்தகத்தில் கிடைக்காத சரக்கும் உண்டு. எதிராளியின் இரண்டு காலுக்கு நடுவே பந்தைத் தள்ளிக்கொண்டு போனால் அது 'ப்தி போன்', சின்னப் பாலம். கோல் போஸ்ட்டின் மேல் மூலைக்குப் பெயர் 'லூகார்ன்', ஓட்டு வீட்டுக் கூரையில் இருக்கும் குட்டி ஜன்னல். காலை நீட்டினாலே கோல் என்கிற மாதிரி ஒருவன் அருமையாகப் பாஸ் கொடுத்தால் 'காவியார்'! பணக்காரர்கள் சாப்பிடும் மீன் முட்டைதான். அந்தப் பாஸை வாங்கியும் வெளியே அடித்தால் அவன் கதி என்ன என்பதற்கும் பிரெஞ்சில் நிறைய வார்த்தைகள் உண்டு, அச்சில் ஏற்ற முடியாது.

சைக்கிள் ரேஸ் பார்க்கிறவர்களிடம் 'லான்தெர்ன் ரூஜ்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். சிவப்பு லாந்தர்! ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குமே, அது. 1903-ல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்ட ஆரம்பித்த ரேஸ்தான் தூர் தெ ஃபிரான்ஸ். (இந்தத் 'தூர்' யார் என்று புரிகிறதா? டோர்னமென்ட்டின் அதே சுழல்தான்!) பத்திரிகை அச்சான தாள் மஞ்சள் நிறம் என்பதால் முன்னணியில் இருப்பவருக்கு 1919-லிருந்து மஞ்சள் சட்டை. கடைசியில் வருகிறவருக்குத்தான் இந்தச் செல்லப் பெயர். ஒருகாலத்தில் கடைசி இடத்துக்கே அடிதடி நடந்ததுண்டு. ரேஸ் முடிந்ததும் ஊர் ஊராக நடக்கிற காட்சிப் பந்தயங்களுக்கு, கடைசிக்கு முந்தினவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். சிவப்பு லாந்தரைக் கூப்பிடுவார்கள், காசும் கொடுப்பார்கள்!

கடைசியாக ஒரு இலக்கணப் பாடம். தங்கள் அணி ஜெயித்தால் பிரெஞ்சு ரசிகர் 'ஓன் நா கான்யே!' என்பார். 'நாம ஜெயிச்சுட்டோம்!' தோற்றுவிட்டால் அதே ரசிகர், அதே மேஜையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வார்... 'இல் ஸோன் பெர்த்யு.'

'அவனுங்க தோத்துட்டானுங்க!'